பாட்டிக்கும் பிடிக்கணும், பாப்பாவுக்கும் பிடிக்கணும்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ பாட்டுக்கு ஒரே வரியில் கேட்டுவிட்டாய், குட்டிக்கு அஞ்சு வயசு, அப்பாவுக்கு எழுபத்தொண்ணு, லீவில் ரெண்டு பேரும் ஒரே ஹாலில்தான் கிடப்பார்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு கார்ட்டூன் படம் சொல்லுலே என்று. எங்கள் வீட்டிலும் இப்போது அதே நிலைமைதான். அம்பாசமுத்திரம் வீட்டை விற்ற பிறகு அம்மா எங்களோடு பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாள். கண்புரை ஆபரேஷன் போன மாதம் நல்லபடியாக முடிந்தது, இப்போது டிவிக்குக் கீழே ஓடுகிற செய்தியைக்கூடத் தூரத்திலிருந்து படிக்கிறாள். பையனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு. ஆக மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில். வாய்க்கு வந்த பெயரை உனக்குச் சொல்வதைவிட நாலைந்து படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று இருந்துவிட்டேன்.

முதலில் காசைக் கொட்டிய கதையைச் சொல்லிவிடுகிறேன். லீவு விட்ட முதல் வாரம் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு புதுப் படத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், இந்த வகையில் வருஷத்துக்குப் பத்து வருகிறது. அஞ்சு டிக்கெட், அஞ்சு 3டி கண்ணாடி, டிக்கெட்டைவிட விலை கூடின பாப்கார்ன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எல்லா மிருகமும் வரிசையாக நின்று ஆடுகிறது, நடுநடுவே பெற்றோருக்கென்று ஒரு ஜோக், வீட்டுக்கடனைப் பற்றி, மாமியாரைப் பற்றி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் ரெண்டு இடத்தில் சிரித்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இதைப் போட்டாலும் ஒண்ணுதான் போடாட்டாலும் ஒண்ணுதான்" என்றாள். ராத்திரி சாப்பிடும்போது சின்னவளிடம், அந்த நரி கடைசியில் என்ன ஆச்சு என்று சும்மா கேட்டேன். "எந்த நரி?" என்றாள். மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை!

அதிலிருந்துதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. சிரித்தார்களா என்று பார்க்கக் கூடாது. கிச்சுகிச்சு மூட்டினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மறுநாள் காலையில் என்ன விளையாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வேறு கணக்கு, எந்த இடத்தில் போனைக் கீழே வைத்தார்கள், யார் எப்போது எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். நான் படம் பார்த்ததைவிட இவர்கள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம், வீட்டுக்காரி திட்டினாள்.

பெரியவர்களுக்கென்று தனியாக ஜோக் வைக்கிற பழக்கம் ரொம்ப நாளாகவே இருக்கிறது. 2001இல் ஷ்ரெக் படம் வந்தது ஞாபகம் இருக்கா? ஹாஸ்டலில் சிடி வாடகைக்கு எடுத்து, பதினைந்து பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்த்தோம். இளவரசி ஃபியோனா எகிறி உதைக்கும்போது அப்படியே அந்தரத்தில் உறைந்து நிற்பாளே, மேட்ரிக்ஸ் என்ற சண்டைப் படத்தைக் கிண்டல் பண்ணின இடம், நீ விசில் அடித்து வார்டன் வந்தாரே. அதே இடத்தில் இப்போது என் பையன் திரும்பி, "என்னப்பா, நெட் போயிருச்சா?" என்று கேட்டான். அவன் மேட்ரிக்ஸும் பார்த்ததில்லை, அந்தப் பழைய தேவதைக் கதைப் படங்களும் பார்த்ததில்லை, அவனுக்கு அதில் என்ன கிண்டல் இருக்கப்போகிறது? ஆனால் அந்தக் கழுதை வாயை மூடாமல் பேசுகிறதே, அதற்கு இன்றைக்கும் சிரிப்பு நிற்கவில்லை. வெளியிலிருந்து கடன் வாங்கின ஜோக் எல்லாம் ஊசிப்போய்விட்டது, ஆளின் குணத்திலிருந்து வந்த ஜோக் அப்படியே இருக்கிறது.

அப்புறம் 'அப்' போட்டேன், 2009இல் வந்தது, பீட் டாக்டர் இயக்கியது, பிக்ஸார் என்கிற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்தின் படம். கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம் அதுதான். வீட்டில் ஆயிரக்கணக்கான பலூனைக் கட்டிக்கொண்டு தென் அமெரிக்காவில் உள்ள ஒரு அருவிக்குப் பறந்துபோகிற கிழவர் கதை. ஆரம்பத்திலேயே நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வார்த்தை பேச்சு இல்லாமல், வெறும் இசையில் ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதும் ஓடிவிடும். கல்யாணம், வீட்டைச் சரிபண்ணுவது, அருவிக்குப் போக ஜாடியில் சில்லறை சேர்ப்பது, டயர் போயிற்று, கால் ஒடிந்தது, மரம் கூரையில் விழுந்தது என்று ஒவ்வொரு தடவையும் ஜாடியை உடைப்பது. நடுவில், குழந்தைக்கென்று ஒரு அறைக்கு வண்ணம் அடிக்கிறார்கள், அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரியில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

சின்னவள், "ஏன் ஆச்சி அவங்க அழுறாங்க?" என்று கேட்டாள். அம்மா, "உடம்புக்குச் சரியில்லட்டீ" என்றாள். எனக்கு முன்னால் ஒன்று பிறந்து தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசுவதே இல்லை. அம்மாவுக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. அந்த நாலு நிமிஷத்தில் அவளுக்குப் புரியாதது என்று ஒன்றுமே இல்லை.

ஆனால் சரவணா, ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நாலு நிமிஷத்தில் சின்னவள் ரெண்டு தரம், "பலூன் எப்பப்பா வரும்?" என்று கேட்டாள். எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற அந்த இடம் அவளுக்கு வெறும் காத்திருப்பு. நடுப்பகுதியில் பேசுகிற நாயும் அந்தப் பெரிய வண்ணப் பறவையும் வந்ததும் கதை தலைகீழாகிவிட்டது, பிள்ளைகள் தரையில் உருண்டார்கள், நாய்கள் விமானம் ஓட்ட ஆரம்பித்த உடனே அம்மா அவரைக்காய் நறுக்க எழுந்துபோய்விட்டாள். கடைசிப் பக்கம் எதற்கோ ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வீடு மேலே எழும்ப வேண்டும் என்பதற்காகக் கிழவர் சாமானை எல்லாம் வெளியே தூக்கிப் போடுகிறார், அவரும் அவர் மனைவியும் வழக்கமாக உட்காருகிற ரெண்டு நாற்காலியும் பாறை மேல் பக்கத்தில் பக்கத்தில் தனியாக நிற்கின்றன. "சேரயும் போட்டுட்டாரா?" என்றாள் அம்மா. அம்பாசமுத்திரத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலியை வீடு வாங்கினவருக்கே விட்டுவிட்டு வந்தோம், இங்கே வைக்க இடமில்லை என்று நான்தான் சொன்னேன். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தீர்ப்பு என்னவென்றால், அது ஒரே டிக்கெட்டில் ரெண்டு படம். ஓரங்கள் பெரியவர்களுக்கு, நடுப்பகுதி பிள்ளைகளுக்கு. ரெண்டுமே நன்றாக இருக்கிறது, ஒட்டுப்போட்ட இடம்தான் லேசாகத் தெரிகிறது. பதினொரு வயதுக்காரன் முழுசாகப் பார்த்தான். உன் குட்டிக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்.

அடுத்துப் போட்ட 'ஃபைண்டிங் நீமோ', தொலைந்துபோன பிள்ளையைத் தேடிப்போகிற அப்பன்மீன் கதை, இதைவிட உறுதியான கட்டுமானம். 2003இல் பார்த்தபோது எனக்கு இருபது வயது, அந்த மறதிக்கார நீல மீனுக்காகவே பார்த்தேன். இப்போது பார்த்தால் கண் முழுக்க அந்த அப்பன்மீன் மேலேதான். பிள்ளைக்கு அது தொலைந்துபோன நீமோ கதை, எனக்கு அது தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் கதை, காட்சி ஒன்றேதான். பிள்ளைக்கு எதுவுமே நடக்க விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன் என்று அவன் புலம்ப, அப்படி நடக்கவே விடாவிட்டால் அவனுக்கு எதுவுமே நடக்காதே என்று அந்த மறதிக்காரி வெகுளியாகக் கேட்பாள். பையன் சிரித்தான், எனக்கு நெஞ்சில் குத்தியது. பள்ளிக்குத் தனியாக சைக்கிளில் போகட்டுமா என்று ரெண்டு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். (அந்த மீன் இனத்தில் பெண் செத்துப்போனால் ஆண் பெண்ணாக மாறிவிடுமாம். கணக்குப்படி நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். இதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.) ஒரு எச்சரிக்கை, ஆரம்பத்திலேயே பெரிய மீன் வந்து அம்மாவையும் முட்டைகளையும் தீர்த்துவிடும். நேராகக் காட்ட மாட்டார்கள், ஆனால் அஞ்சு வயசுக்கு மடியில் உட்கார்த்திக்கொள்வது நல்லது.

நான் உனக்குச் சொல்லப்போகிற படம் இது எதுவும் இல்லை. 'மை நெய்பர் டோட்டோரோ'. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்தது, மொத்தமே 86 நிமிஷம். ஜப்பானில் கிராமத்து வீடு ஒன்றுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள் அப்பாவோடு குடிவருகிறார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பக்கத்துப் பெரிய மரத்தில் ஒரு பூதம் மாதிரி, பூனை மாதிரி, ஆந்தை மாதிரி ஒன்று குடியிருக்கிறது. கதை இவ்வளவுதான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. பத்தாவது நிமிஷத்தில் பிள்ளைகள் ரிமோட்டைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

மழையில் பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் குடையோடு காத்திருக்கிற இடம் ஒன்று. தங்கச்சி அக்கா முதுகில் தூங்கிவிட்டாள். தலையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய உருவம் பக்கத்தில் வந்து நிற்கிறது. அக்கா ஒரு குடையைக் கொடுக்கிறாள். மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர் குடையில் தட் தட்டென்று விழுகிற சத்தம் அதற்குப் பிடித்துப்போய், ஒரே ஒரு தரம் எகிறிக் குதிக்கிறது, மரத்தில் உள்ள மொத்தத் தண்ணீரும் கொட்டுகிறது. ரெண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத என் மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள். அம்மாவும் அப்படித்தான். அவளுக்கு ஏற்கெனவே வயலும், அடிபம்பில் முதலில் தண்ணீர் ஊற்றி அடிப்பதும், ஓடுகிற தண்ணீரில் வெள்ளரிக்காயைப் போட்டுக் குளிரவைத்துத் தின்பதும் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்ல? நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று ஆகிவிட்டது.

முடிவுப் பக்கம் தங்கச்சி காணாமல் போகிறாள். ஊரே தேடுகிறது. குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கிறது, பக்கத்து வீட்டுக் கிழவி அதைக் கையில் பொத்திக்கொண்டு சாமி கும்பிடுகிறாள். வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அம்மா, "ஐயோ முருகா" என்றாள். சின்னவள் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்! அவளுக்கு அது ஒரு செருப்பு, அவ்வளவுதான். குளத்தில் செருப்பு கிடைத்தால் என்ன அர்த்தம் என்று தெரிகிற வயது அவளுக்கு இன்னும் வரவில்லை, படமும் அவளுக்கு அதை இழுத்துவைத்து விளக்கவில்லை. ஒரே காட்சியைப் பெரியவர்களுக்கு ஒரு ஆழத்திலும் பிள்ளைகளுக்கு வேறொரு ஆழத்திலும் வைத்திருக்கிறார் மனுஷர், யாரையும் காத்திருக்க வைக்கவில்லை, அடுப்படிக்கும் அனுப்பவில்லை. மியாசாகியின் அம்மாவே காசநோயால் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்தவர், அதைக் கேட்ட பிறகு அந்த ஆஸ்பத்திரிக் காட்சிகள் ஏன் அவ்வளவு அடக்கமாக இருக்கின்றன என்று எனக்குப் பிடிபட்டது.

மறுநாள் காலை சின்னவள் நாலு புளியங்கொட்டையைத் தொட்டியில் புதைத்துவிட்டு, குடையைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள், படத்தில் அக்காவும் தங்கச்சியும் அந்தப் பூதமும் விதை முளைக்கவேண்டும் என்று ராத்திரியில் செய்கிற மாதிரியே. அம்மா ஜன்னலிலிருந்து, "தண்ணி ஊத்துட்டீ, சும்மா குதிச்சா முளைக்குமா" என்றாள்.

உனக்கு ரெண்டு மூன்று விஷயம். படத்தில் அப்பாவும் பிள்ளைகளும் ஒரே தொட்டியில் குளிக்கிற காட்சி வரும், அங்கே அது சர்வசாதாரணம், உன் அப்பா கேட்டால் முன்கூட்டியே சொல்லி வை. கடைசியில் பெயர் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதே, பிள்ளைகளின் அம்மா குணமாகி வீட்டுக்கு வருவது பெயர்களோடு வருகிற படங்களில்தான் இருக்கிறது. என் அம்மா, "அந்தப் பிள்ளைக தாயி பிழைச்சாளா இல்லையா?" என்று கேட்டு, நான் மறுபடி போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. மொழியைப் பற்றிக் கவலைப்படாதே. நாங்கள் ஜப்பானிய மொழியிலேயே பார்த்தோம், பையன் சப்டைட்டிலைப் படித்துப் படித்து ஆச்சிக்குத் தமிழில் சொன்னான், பாதிக்கு மேல் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். பேச்சிலேயே ஓடுகிற படம் என்றால் மட்டும் தமிழ் டப்பிங் தேடு. 2019இல் வந்த லயன் கிங்குக்கு ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் குரல் கொடுத்திருந்தார்களே, அதற்கு அம்மா சிரித்த சிரிப்பு ஆங்கிலத்தில் பார்த்திருந்தால் வந்திருக்காது.

உன் அப்பா பொம்மைப் படமா என்று முறைப்பார், தெரியும். தொண்ணூற்று மூன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு டிவியில் ஜங்கிள் புக் பார்க்க வருவோமே, நமக்கும் இந்தி தெரியாது, அவருக்கும் தெரியாது. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார். அதுவும் ஜப்பான்காரர்கள் செய்த தொடர்தானாம். அதைச் சொல்லிப் பார்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அந்தச் சாய்வு நாற்காலியைத் திருப்பித் தர முடியுமா என்று வீடு வாங்கினவருக்குப் போன் போட்டிருக்கிறேன், பார்ப்போம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போடு. நல்லா இருந்தது, நல்லா இல்லை என்றெல்லாம் எனக்கு வேண்டாம். குட்டி எந்த இடத்தில் எழுந்து ஓடினாள், அப்பா எந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்தார் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்