பூக்காத மல்லிகைக்கு உரம் கேட்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் மல்லிகைக் கன்று வாங்கிப் போகிறவர்கள் சில மாதம் கழித்து வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "செடி நல்லாத்தான் இருக்கு, பூ மட்டும் வரலை. ஏதாவது உரம் இருந்தா கொடுங்க." உரம் விற்றால் எங்களுக்கு வருமானம்தான். ஆனாலும் அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்போம். சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்திருக்கும். ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் கேள்வி, செடிக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது? மல்லிகைக்கு நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். இதில் நாங்களே சறுக்கியிருக்கிறோம். ஒரு முறை குண்டுமல்லித் தொட்டிகளை நிழல்வலைக்குக் கீழே வரிசையாக அடுக்கிவிட்டோம். இலையெல்லாம் கரும்பச்சையாக, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வலைக்கு வெளியே ஓரத்தில் தள்ளிக் கிடந்த நாலைந்து தொட்டிகள்தான் மொட்டு விட்டன. மண்ணும் ஒன்று, உரமும் ஒன்று. வெயில்தான் வேறு.

இரண்டாவது, கடைசியாகச் செடியை எப்போது வெட்டினீர்கள்? "வெட்டவே இல்லையே, பாவமா இருக்கு" என்பார்கள். குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை நீளுமே தவிர அதிகம் பூக்காது. ஆகவே ஒரு பூப்பருவம் முடிந்ததும் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தயங்காமல் கவாத்து செய்யுங்கள். காய்ந்த குச்சிகளையும் உள்பக்கம் பின்னிக்கொண்டிருக்கும் கிளைகளையும் எடுத்துவிடுங்கள். கத்தரி கூராக இருக்கட்டும், கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அப்புறம் ஒரு கை மண்புழு உரம் போட்டு மண்ணைக் கிளறித் தண்ணீர் விட்டால் போதும். பூ கொடுத்து முடித்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு கீழே கிள்ளிவிடுகிற பழக்கமும் நல்லது.

மூன்றாவது, ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறீர்கள்? யூரியா போன்ற தழைச்சத்து மிகுந்த உரத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால் செடி இலையாகத்தான் தள்ளும். அதற்கு மேல் இன்னொரு உரம் கொடுத்து என்ன பயன்?

மொட்டு வருகிறது, ஆனால் விரிவதற்கு முன்பே கெடுகிறது என்றால் அது வேறு கதை. அந்த மொட்டு ஒன்றைப் பறித்து ஊசியால் பிளந்து பாருங்கள். பக்கத்தில் சின்ன ஓட்டை, உள்ளே தின்று தீர்த்த இதழ், பச்சை நிறப் புழு, மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூலாம்படை என்றிருந்தால் மொட்டுப்புழு. ஓட்டை எதுவும் இல்லாமல், மொட்டின் அடிப்பக்கம் வீங்கி, வெள்ளை போய் ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறிக் காய்ந்தால் மொட்டு ஈ. உள்ளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குட்டிப் புழுக்கள் நெளியும். இந்தப் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். அதனால் கெட்ட மொட்டுகளைத் தொட்டியிலேயே உதிர விடாதீர்கள். பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மேல்மண்ணைக் கிளறிக் காயவிடுங்கள். தொடக்கத்தில் வேப்பெண்ணெய் உதவும்: லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், தெளிப்பது சாயங்காலம். முற்றிவிட்ட தாக்குதலுக்கு அது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மொட்டு பழுதில்லாமல் இருந்தும் கொட்டுகிறதா? நாலு நாள் காயவிட்டு, ஐந்தாம் நாள் குடம் குடமாய் ஊற்றியிருப்பீர்கள். அல்லது மொட்டுள்ள தொட்டியை இடம் மாற்றியிருப்பீர்கள்.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். நுனித் துளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை. உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் அப்படிச் செய்யும். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளிக்கலாம். செடி முழுக்க மஞ்சளாகி வாடினால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் தேங்க விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அந்தத் தட்டை முதலில் எடுங்கள்.

இலையில் மணல் தூவியது போல வெளிர்ப்புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் சிவப்புச் சிலந்திப் பேன். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்), லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் வேண்டாம், உச்சி வெயிலிலும் வேண்டாம், இலை கருகும்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கடைக்கு வாருங்கள். தொட்டியைத் தூக்கி வர வேண்டாம். பாதித்த கிளை ஒன்று, கெட்ட மொட்டு நாலு, இரண்டையும் வாய் கட்டிய பையில் போட்டுக் கொண்டுவந்தால் போதும். பையைத் திறக்காமல் எங்களிடம் கொடுங்கள், இங்கே பக்கத்திலேயே நூற்றுக்கணக்கில் கன்றுகள் நிற்கின்றன.

அன்புடன்,
உங்கள் நர்சரியார்