தீசிஸ் எழுத மலைக்கு வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.எஸ்சி. நர்சிங் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பி.எஸ்சி. நர்சிங்கோ, டிப்ளமோ முடித்த நர்ஸ்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பட்டமோ 55 சதவீதத்தோடு முடித்திருக்க வேண்டும், ஓராண்டு பணி அனுபவம் வேண்டும், படிப்பு 2 ஆண்டு என்ற விவரமெல்லாம் சரி. படித்தால் கல்லூரியில் பாடம் நடத்தலாம், வெளிநாடு போகலாம் என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த 2 ஆண்டில் மாணவி செய்யும் தீசிஸ், அதாவது ஆய்வேடு, பற்றி ஒரு வரி இல்லை. நீலகிரி மலையில் கூடலூர் பக்கம் சுகாதாரப் பணியில் இருப்பவள் நான். எங்களுக்குத் தெரிந்த எம்.எஸ்சி. நர்சிங் அந்தத் தீசிஸ்தான்.

மருத்துவ-அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம் என 5 சிறப்புப் பிரிவுகள். மற்றதில் இடம் கிடைக்காதவர்கள்தான் சமுதாய நலம் எடுப்பார்கள் என்று ஒரு இளக்காரப் பேச்சு உண்டு. அது கிடக்கட்டும். ஆய்வுக்கு இடம் தேடும்போது இந்தப் பிரிவு மாணவிகளுக்கு மலை ஞாபகம் வந்துவிடும்.

கல்லூரிக் கடிதம், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். கையில் ஃபிளிப் சார்ட் என்கிற புரட்டிக் காட்டும் பட அட்டைகள், கட்டுக் கட்டாகக் கேள்வித்தாள். பணியர் என்ற ஆதிவாசி மக்களின் குடியிருப்பில் பெண்களை உட்காரவைத்து, "இரத்தசோகையின் அறிகுறி யாது?" என்று வாசித்து, அ, ஆ, இ, ஈ என நான்கு விடைகளையும் வாசிப்பார்கள். வீட்டில் பணிய மொழி பேசும் பாட்டி எங்கள் ஊழியரின் முகத்தைப் பார்ப்பார். எங்கள் ஊழியர் அவர் மொழியில் விளக்குவார். விளக்கத்தோடு விடையும் சேர்ந்தே போய்விடும். அதுதான் ப்ரீ டெஸ்ட். பிறகு படம் காட்டிப் பாடம். ஏழாம் நாள் அதே கேள்விகளோடு போஸ்ட் டெஸ்ட். போன வாரம் சொல்லிக்கொடுத்ததையே கேட்டால் மார்க் ஏறாமல் என்ன செய்யும்? 'திட்டமிட்ட கற்பித்தல் பயனுள்ளது' என்று இன்னொரு தீசிஸ் பைண்டிங்குக்குப் போகும்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். தரவு சேகரிக்க ஒரு மாதம் போலத்தான் விடுகிறார்கள். அதற்குள் முடிகிற தலைப்பைத்தான் கைடும் ஒப்புக்கொள்வார். கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி, மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு உழைப்பில் குறைவில்லை.

ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சிக்கிள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, அவ்வப்போது கடும் வலி தரும் பரம்பரை நோய். பணியர், இருளர், குறும்பர் ஆகிய ஆதிவாசிகள் மத்தியில் இது இருப்பது பல காலமாகத் தெரிந்த சங்கதி. 2047-க்குள் ஒழிப்போம் என்று மத்திய அரசு 2023-இல் திட்டமும் தொடங்கிவிட்டது. ஹைட்ராக்சியூரியா மாத்திரை தினமும் சாப்பிட்டால் வலி வருவது குறையும். ஆனால் அவ்வப்போது ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்க வந்தால் அன்றைய கூலி போச்சு. ஒரு மாதம் வருவார், அடுத்த மாதம் வர மாட்டார், அப்புறம் மாத்திரையும் நின்றுவிடும். கர்ப்பம் தரித்தால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். நாள் தள்ளிப்போனதை எங்களிடம் எப்போது சொல்கிறார்கள்? குளிரும் உடம்பில் நீர் வற்றுவதும் வலியைக் கிளப்பும். கழிப்பறை இல்லாத தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் பெண் தண்ணீர் குடிக்கவே யோசிப்பாள், ஆடி மழையிலும் நனைந்துகொண்டு நிற்பாள். யார், எந்த மாதத்தில், எதனால் மாத்திரையை விடுகிறார்கள் என்று ஓராண்டு கூடவே இருந்து பார்க்கிற ஆய்வுக்கு ஃபிளிப் சார்ட் தேவையில்லை. இதை டாக்டரைவிட நர்ஸ் நன்றாகச் செய்வாள். வீட்டுக்குள் போய் அடுப்படியில் உட்கார எங்களால்தான் முடியும்.

செய்ய வழியும் இருக்கிறது. முதலாண்டிலேயே தலைப்பை முடிவுசெய்து களப்பயிற்சியை இதே தாலுகாவில் போட்டால் ஓராண்டு கிடைத்துவிடும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி 2021-22 முதல் நடக்கிறது. அங்கே சமுதாய மருத்துவத் துறையிலிருந்து ஒரு துணை வழிகாட்டி கேட்கலாம். எல்லாவற்றையும்விட, மொழி தெரிந்த பெண்ணே இந்தப் படிப்புக்கு வர வேண்டும். கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே செவிலியராக்கிக் காட்டியிருக்கிறது. அப்படி ஒருத்தி டிப்ளமோ 3 ஆண்டு, போஸ்ட் பேசிக் 2 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு என்று ஏறிப்போக, நடுவில் சம்பளம் நின்றால் வீடு தாங்காது. சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து ஆண்டுக்கு ஒருவரையாவது அரசு அனுப்பக் கூடாதா?

அதற்கெல்லாம் நாளாகும் என்றால், உடனே ஆகிற ஒன்றைச் சொல்கிறேன். இங்கே வந்து போன மாணவிகளின் தீசிஸ் ஒரு பிரதிகூட எங்கள் நிலையத்துக்கு வந்ததில்லை. முடிவுகளை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி அனுப்பினாலே போதும். எங்கள் மாதக் கூட்டத்தில் வாசித்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.