போர்வெல் போடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. கோட்டூர் அத்தை பேத்திக்குக் காது குத்தினார்கள், போய் வந்தோம். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

மாமா ஒரு விஷயம் சொன்னார். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை, நீயாகச் சொல்லும்போது சொல். மேலவெளியில் இருக்கிற நம் நிலத்தில் போர்வெல் போட எவ்வளவு ஆகும் என்று அவரிடம் விசாரித்தாயாம். அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அவசரப்பட்டு யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

தண்ணீர் வந்துவிட்டால் வெள்ளாமை வந்துவிடும் என்று நினைக்கிறாய். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2023 குறுவை நெல்லைப் பார்த்த பிறகு அந்தத் தைரியம் இல்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்களே என்று நம்பி நட்டோம். ஆகஸ்டில் நாடு முழுக்க மழை பொய்த்தது. 1901-லிருந்து கணக்கெடுத்ததில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் கிடையாது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, நம் வயல் போனது. சரி, அது தண்ணீரால் போனது. கீழவெளியில் போர் வைத்திருந்த பங்காளி வயல் ஏன் போனது? இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது, கதிரும் வந்தது. மணி பிடித்த கதிர் தானாகத் தலை சாயும். அவருடைய கதிர் நிமிர்ந்தே நின்றது. ஒன்றை ஒடித்து நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். பால் இல்லை, வெறும் உமி. அறுத்து அடித்த நெல்லில் பாதி பதர்.

நெல் பூ காலையில் ஒரு மணி நேரம் போலத்தான் விரிந்திருக்கும். அந்த நேரத்தில் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும், அப்புறம் மணி கட்டாது. மண்ணில் ஈரம் இருந்தால், நாம் வியர்ப்பதுபோல பயிரும் இலைவழியாக நீரை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஈரம் குறைந்தால் இருக்கிற நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், அப்போது இலையே கொதிக்கும். ஊரைச் சுற்றி மண் காய்ந்து கிடந்தால், ஈரத்தை ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெயில் முழுக்கக் காற்றைச் சூடாக்கும். வறட்சி வெயிலைக் கூட்டுகிறது, வெயில் வறட்சியைக் கூட்டுகிறது. நடுவில் ஒருவர் வயலில் மட்டும் தண்ணீர் கட்டி வைத்தாலும் அனல் காற்று அதற்கும் சேர்த்துத்தான் அடிக்கிறது.

பஞ்சாபைப் பார். பாசனத்துக்குக் குறைவில்லாத பூமி. 2022 மார்ச் வெயிலில் கோதுமை மணி சுருங்கிப்போய், கொள்முதலில் சுருங்கிய மணி 6 சதவீதம் வரை என்றிருந்த விதியை 18 சதவீதம் வரை தளர்த்த வேண்டியதாயிற்று. மே 13-ஆம் தேதி ஏற்றுமதியையும் நிறுத்தினார்கள். இங்கே நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலே மூட்டையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நாம் படும் பாடு உனக்குத் தெரியும். அங்கே சுருங்கிய மணியை 18 வரை விட்டார்கள் என்றால் அடி எவ்வளவு பலமாக விழுந்திருக்க வேண்டும்!

2021-ல் நீ இருக்கிற கனடாவிலும் பார்த்தாயே. சஸ்காட்சுவானில் கோதுமை முழங்கால் உயரம்கூட வரவில்லை என்று நீதான் படம் அனுப்பினாய். கனடாவின் கோதுமை அந்த வருஷம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அவ்வளவு நிலமும் இயந்திரமும் காப்பீடும் வைத்திருப்பவர்கள். மேலவெளி எத்தனை மா நிலம் என்று உனக்கே தெரியும்.

இப்போது ராத்திரியும் புழுங்குகிறது. ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் மகசூல் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2004-லேயே கண்டிருக்கிறார்கள். அதற்குப் போர் என்ன செய்யும்? நம் பக்கம் ஆழம் போகப் போக உப்பு வேறு. அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதே.

வேலை முடிந்து வந்த பிறகும் நீ விதை, மண் என்று உட்கார்ந்து படிப்பதாக அம்மா சொன்னாள். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்கு அந்த அக்கறை இருக்கிறது? டீக்கடையில் நானே சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் மாமாவிடம் பேச முடிந்த உனக்கு, அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்லத் தோன்றவில்லை.

நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? 2017 தை மாசம் பெரியப்பா வீட்டில் நடந்ததை நினைத்தால்தான் வாய் வரமாட்டேன் என்கிறது. அப்போது நீ சின்னப் பையன் இல்லை, எல்லாம் உனக்குத் தெரியும்.

ஒன்று செய். வேலையை விடாதே, லீவு போட்டு ஆகஸ்டில் வா, குறுவை பூக்கிற சமயமாகப் பார்த்து. காலை பத்து மணிக்கு என்னோடு வயலில் நில். பொங்கலுக்கு வந்து விளைந்து கிடக்கிற சம்பாவைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. முன்பட்டத்தில் நேரடி விதைப்பு செய்தால் பூக்கும் நாளைக் கொஞ்சம் முன்னே தள்ளலாமா என்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு வைக்கிறேன். அதையும் உட்கார்ந்து பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இங்கே எந்த நேரமானாலும் பரவாயில்லை, என் நம்பருக்கே பண்ணு.

அப்பா