முழங்கால் வலியும் தவளை வாலும்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு
ஆனி நடுவில் (இங்கே மிதுனம்)

அன்புள்ள மச்சான்,

முழங்காலுக்குக் கொலாஜன் பவுடர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கொலாஜன் என்பது தோலையும் எலும்பையும் குருத்தெலும்பையும் தாங்கும் புரதம். பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. மழை பிடித்ததும் பேரன் வயல் தண்ணீரிலிருந்து தலைப்பிரட்டைகளைப் பிடித்து வந்து, என் குளியல் பேசினை எடுத்துக்கொண்டான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உனக்கு என்ன எழுதுவது என்று பிடிபட்டது.

தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்ததும் வால் அறுந்து விழுவதில்லை, உள்ளேயே கரைகிறது. அந்தச் சில நாட்கள் அது சாப்பிடுவதுகூட இல்லை. வாலைக் கரைத்துத்தான் பிழைக்கிறது. 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியேர் என்ற இருவர் அந்த வால் துண்டை எடுத்துக் கொலாஜன் கூழ்மேல் வைத்தார்கள். சுற்றிலும் கூழ் கரைந்து தெளிந்தது. விலங்கு உடம்பில் கொலாஜனைக் கத்தரி மாதிரி வெட்டும் என்சைம் அப்படித்தான் முதலில் பிடிபட்டது.

கொலாஜன் லேசில் வெட்டுப்படாது. மூன்று இழை முறுக்கிய கயிறு அது. அந்த முறுக்கைச் சொன்னவர் நம் ஜி.என். ராமச்சந்திரன்; 1954இல், கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில். பிறந்தது எர்ணாகுளம் என்பதால் இங்கே அவரை மலையாளிக் கணக்கில் சேர்ப்பார்கள். நான் சண்டைக்குப் போவதில்லை. இந்தக் கயிற்றை நீள வாக்கில் முக்கால் பங்கு தள்ளி, ஒரே இடத்தில் வெட்டும் அந்தக் கத்தரி. வெட்டுப்பட்டால் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும், மற்ற கத்தரிகள் வந்து மிச்சத்தை நறுக்கும். கத்தரியின் நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. அதுதான் வெட்டும் கூர். மனித உடம்பில் இந்த வகை இருபதுக்கு மேல். எம்எம்பி (மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்) என்று பெயர் வைத்து, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் கருப்பை ஆறு வாரத்தில் சுருங்குவதிலும், புண் ஆறுவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. உறை போட்டுத்தான் செல் இவற்றை வெளியே விடும். அடக்கிவைக்க டிம்ப் என்று நான்கு புரதங்கள் வேறு.

உன் முழங்காலில் அந்தக் கணக்கு தவறிவிட்டது, மச்சான். குருத்தெலும்பில் 13ஆம் எண் கத்தரி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. சாப்பாட்டில் கொலாஜன் குறைந்துபோனதால் வந்த தேய்மானம் இல்லை அது. வெட்டு கூடியதால் வந்தது. பவுடரைக் குடித்தால் இட்லி, முட்டை மாதிரி அதுவும் செரித்துத் துண்டு துண்டாகத்தான் ரத்தத்துக்குப் போகும், நேரே முட்டிக்குப் போய் ஒட்டாது. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு நாட்டுக்கோழி வாங்கு.

சரி, கத்தரியையே முடக்கினால் என்ன என்பாய். புற்றுநோய் செல் அக்கம்பக்கத்து வேலியை அறுத்துக்கொண்டு பரவுவதும் இதே கத்தரியால்தான் என்று, 1990களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எண் பார்க்காமல் பல கத்தரிகளையும் சேர்த்து அடக்கியது மருந்து. புற்று அடங்கவில்லை, மூட்டும் தோளும் பிடித்துக்கொண்டு வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் சில கத்தரிகள் நோய்க்கு எதிராகவும் வேலை செய்வது தெரிந்தது. தேறி வந்தது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மட்டும்: பல் ஈறு நோய்க்கு, 20 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது, கத்தரியை அடக்கப் போதும். முட்டிக்கு இப்படி ஒன்று இன்னும் வரவில்லை. அதனால் உன் டாக்டர் சொன்ன தொடைப் பயிற்சியைச் செய், எடையைக் குறை. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு போண்டாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேசினில் நான்குக்கு வால் போய்விட்டது. ஒன்று நேற்று ராத்திரி உன் தங்கச்சியின் கட்டிலுக்கடியில் குதித்துவிட்டது. வீடே எழுந்து விளக்குப் போட்டுத் தேடினோம். இன்னும் அகப்படவில்லை.

உன்,
மாப்பிள்ளை