மண்சட்டியோடு ஒரு பிடி தேங்காய் நாரும் கொடுங்கள்

பாலக்காடு மாவட்டத்து கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்தில் கோடைக்குப் பறவைகள் தண்ணீர் குடிக்க மண்சட்டி வழங்க நினைக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், அயல்கூட்டத்து (குடும்பஸ்ரீ மகளிர் குழு) அக்காமார்களுக்கும், பள்ளிப் பசுமை மன்றங்களுக்கும்,

வணக்கம். மாசி பிறந்ததும் சட்டிக்குக் கணக்குப் போடுவீர்கள். காசை எண்ணிக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சட்டி நல்ல காரியம்தான். தேய்க்க நார் இல்லாமல் சட்டியை மட்டும் கொடுப்பதில்தான் வம்பு. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றில் தண்ணீர் மளமளவென்று வற்றும். மிச்சத்தில் எச்சமும் இறகும் ஊறும். அதன்மேலேயே ஊற்றிக்கொண்டு போனால் அடியில் வழுவழுவென்று பாசி கட்டும். நோய் கண்ட மைனா ஒன்று வாய் வைத்த சட்டியில்தான் அடுத்து வரும் பறவையெல்லாம் குடிக்கும். ஒரு வாரம் பத்து நாள் கொட்டாமல் விட்டால் கொசு முட்டை கொசுவாகவே பறந்துவிடும். ஆகவே தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்குக் கொட்டி, நாரால் தேய்த்து, புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். சோப்பு வேண்டாம். வீட்டுக்கு இரண்டு சட்டியாகக் கொடுத்தால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றது வேலை செய்யும்.

குயவரிடம் குழம்புச் சட்டி கேட்காதீர்கள். பானை மூடும் தட்டு கேளுங்கள். அகலம் ஒரு அடி, ஆழம் இரண்டு அங்குலம், உள்பக்கம் சொரசொரப்பு. ஆழமான சட்டியில் விழுந்த குஞ்சும் அணிலும் ஏறி வரமுடியாமல் செத்துப்போகும். தண்ணீர் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு கல் கிடக்கட்டும். நிழலில், புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைக்க வேண்டும். புதரை ஒட்டி வைத்தால் பூனைக்குப் பந்தி வைத்த மாதிரி.

தீனியில்தான் ஆர்வம் அறிவை மிஞ்சிவிடுகிறது. முற்றத்துப் பறவைகளில் பலவற்றுக்குத் தானியமே தேவையில்லை. கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும், தேன்சிட்டுக்குப் பூந்தேன், தையல்சிட்டுக்குப் புழு, பூத்தாங்கீரி என்று இங்கே சொல்லும் தவிட்டுக்குருவிக்குச் சருகுக்கடியில் கிடப்பதெல்லாம். கம்பு, தினை, குருணை தின்ன வருபவை சிட்டுக்குருவி, சில்லை, புறா. காலையில் 50 கிராம், ஒரு கைப்பிடி போதும். ஒரு மணி நேரத்தில் தீராவிட்டால் மறுநாள் குறையுங்கள். பழைய சோறு வெயிலில் புளித்துவிடும். உப்பும் மசாலாவும் ஏறிய மிச்சம் வேண்டவே வேண்டாம். தரையில் கொட்டினால் புறாக்கூட்டம் மற்றதை விரட்டும், பின்னாலேயே மயிலும் காட்டுப்பன்றியும் வரும். சூலனூரில் மயிலுக்குச் சரணாலயமே இருக்கிற மாவட்டம் இது. வயல்காரரிடம் கேளுங்கள், மயிலைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டுமா என்று.

இடவப்பாதி மழை, அதாவது ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதும் தானியத்தை நிறுத்திவிடுங்கள். நனைந்த கம்பில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும், அது பறவையின் நுரையீரலைக் கெடுக்கும். மழையில் புழுவும் பூச்சியும் தாராளம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். அந்த நாளில் அவரைப் பந்தலுக்கு மருந்து அடித்தால் எத்தனை சட்டி வைத்தும் பயனில்லை.

ஐப்பசியில் பெய்யும் துலாமழையோடு ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து சேரும். விடியலிலும் அந்தியிலும் கத்தும், அதனால் அந்தப் பெயர். அதற்கு இரை சருகைக் கிளறினால்தான் கிடைக்கும். தோட்டத்து மூலையில் பத்தடிக்குப் பத்தடி சருகைக் கூட்டாமல், எரிக்காமல் விட்டாலே போதும். செலவில்லாத தீனி என்றால் இதுதான்; இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

கூட்டுப்பெட்டி கொடுப்பதானால் தகரத்தில் வேண்டாம், பங்குனியில் குஞ்சு வெந்துவிடும். மரப்பெட்டியில் ஓட்டை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். மேற்குப் பார்த்து மாட்டாதீர்கள்: மாலை வெயிலும் மழைச் சாரலும் அந்தப் பக்கம்தான்.

சட்டிக் காசில் பாதியைக் கன்றுக்கு ஒதுக்குங்கள். கறிவேப்பிலை, செம்பருத்தி, வெட்சி, வேலியோரம் கல்யாண முருங்கை. கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் அடித்துக்கொள்ளும். கல்யாண முருங்கையைக் கவாத்து செய்யும்போது பூத்த கிளை ஒன்றிரண்டைத் தேன்சிட்டுக்கு விடச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பனை. தொங்கும் காவோலையில் பனை உழவாரன் கூடு ஒட்டும், பச்சை ஓலையில் தூக்கணாங்குருவி கட்டும். கொண்டை போன மொட்டைப் பனையின் பொந்தில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியிருக்கும். சாலைமேல் சாயாத மொட்டைப் பனையை வெட்ட யாராவது மனு கொண்டுவந்தால், கையெழுத்துப் போடுமுன் ஒரு மாலை அதன் அடியில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். உள்ளே யாராவது போவது தெரிந்தால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
எல்லையோரப் பறவை நோக்கர் சிலர்