ஜூவையும் ஃபாந்தோரையும் விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு மர்மக்கதை வில்லன் ஃபாந்தோமாஸைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். அவனுடைய முகமூடி, மாறுவேடம், கொலைகள் எல்லாம் விரிவாகவே இருந்தன. அவனை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜூவுக்கும் பத்திரிகை நிருபர் ஃபாந்தோருக்கும் மட்டும் ஒரே ஒரு வரி. மனசு ஆறவில்லை.

1911 முதல் 1913 வரை, மாதம் ஒன்றாக 32 நாவல்கள். பியர் சுவெஸ்த்ரும் மார்செல் அலெனும் சேர்ந்து எழுதித் தள்ளியவை. வில்லன் எப்படியும் தப்பிவிடுவான் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் அடுத்த மாதமும் வாங்கினார்கள்? ஜூவ் விடமாட்டார் என்பதும் தெரியும், அதனால்தான் என்பேன்.

முதல் நாவலின் முடிவைப் பாருங்கள். கில்லட்டினில் தலை விழுந்துவிட்டது, ஃபாந்தோமாஸ் ஒழிந்தான் என்று கூட்டம் நினைக்கிறது. ஜூவ் மட்டும் அந்தத் தலையை உற்றுப் பார்க்கிறார். செத்தவன் முகம் வெளுக்கவே இல்லை. பூசியிருப்பது அரிதாரம்! செத்தது ஒரு அப்பாவி நடிகன். ஜெயித்த நிமிடத்திலேயே, தான் தோற்றுவிட்டதைக் கண்டுபிடிக்கும் துப்பறிவாளரை வேறு எங்கே பார்த்திருக்கிறோம்?

ஃபாந்தோர் கதை இன்னும் கொடுமை. அவனுடைய உண்மைப் பெயர் சார்ல் ரம்பேர். செய்யாத கொலையை அவன் தலையில் கட்டுவது பெற்ற அப்பா. அந்த அப்பாவும் வேஷம் போட்ட ஃபாந்தோமாஸ்தான். நொறுங்கிப்போன பையனுக்குப் புதுப் பெயரும் புது வாழ்வும் கொடுப்பவர் ஜூவ். பிறகு ஜூவையே 'இவர்தான் ஃபாந்தோமாஸ்' என்று சந்தேகப்பட்டுக் கைது செய்கிறார்கள்.

1913இல் லூயி ஃபெய்யாத் எடுத்த மௌனப் படத்தில் ஜூவ் உடம்பெல்லாம் முள் பதித்த பட்டைகளைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். நள்ளிரவில் ஏவிவிடப்பட்ட மலைப்பாம்பு வந்து அவரைச் சுற்றுகிறது. அந்தத் துணிச்சல்காரரை 1964இல் தொடங்கிய படங்களில் கோமாளியாக்கிவிட்டார்கள். அவற்றில் ஜூவாக நடித்த லூயி த ஃபுனே பெரிய நடிகர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு ஜூவ் என்றாலே சிரிப்புதான் வருகிறது. உங்கள் கட்டுரையின் அந்த ஒரு வரியும் அப்படித்தான் இருந்தது.

1913இல் வந்த கடைசி நாவலில், கப்பல் மூழ்கும் வேளையில் ஃபாந்தோமாஸ் சொல்கிறான், ஜூவ் தன் உடன்பிறப்பு என்று. ஜூவைச் சரியாக அறிமுகப்படுத்தாமல் இந்த இடத்தின் கனத்தை வாசகருக்கு எப்படிச் சொல்வீர்கள்? இருவருக்கும் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சி.