போன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், காக்காமார், தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

ஏறாவூர், மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று இலங்கையின் கிழக்குப் பக்கம் நெடுகப் போன் கடை நடத்துகிற எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன்தான். களுவாஞ்சிகுடிப் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் வேலை. நீங்கள் விற்ற போன் மறுநாளோ அடுத்த கிழமையோ என் மேசைக்கு வரும். "தம்பி, இத ஒருக்கா செட் பண்ணித் தாங்க" என்பார்கள். விற்கும்போது நீங்கள் சொன்ன பேச்சும் போனோடு சேர்ந்தே வரும். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐபோன் எடுப்பதா, ஆண்ட்ராய்ட் எடுப்பதா, இல்லை விலை குறைவாகக் கிடைக்கும் வேறொன்றை எடுப்பதா என்று ஒருவர் தயங்கி நின்றால், நம் கடைகளில் உடனே ஒரு கணக்கு வந்துவிடும். இதில் இத்தனை லட்சம் ஆப், அதில் இத்தனை லட்சம் ஆப், ஆகவே இதுதான் நல்லது. கேட்பவருக்கும் பெரிய எண்ணைக் கேட்டதும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. தயவுசெய்து இந்தக் கணக்கைச் சொல்லி விற்பதை விடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். அந்த எண்ணுக்கும் வாங்கிப் போகிறவருடைய வாழ்க்கைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

இந்த எண்ணை ஊதிப் பெருக்குவது எவ்வளவு சுலபம் என்பதற்கு பிளாக்பெர்ரி கதை ஒன்றே போதும். 2013 ஜனவரியில் பிளாக்பெர்ரி 10 என்ற புதிய மென்பொருளோடு அந்த நிறுவனத்தின் போன்கள் அறிமுகமானபோது, முதல் நாளிலேயே 70,000 செயலிகள் என்று பெருமையாக அறிவித்தார்கள். சில மாதங்களில் அது 1,20,000 ஆனது. பிறகுதான் தெரியவந்தது, அவற்றில் 47,000க்கு மேற்பட்டவை ஹொங்கொங்கைச் சேர்ந்த ஒரே ஒரு நிறுவனம் போட்டவை என்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! ஆனால் சனங்கள் தேடிய இன்ஸ்டகிராம் அதில் இல்லை. விண்டோஸ் போனிலும் கிட்டத்தட்ட இதேதான். 2013இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஒரு செயலி போட்டால் 100 டொலர் தருகிறோம் என்று அறிவித்தது. எண்ணிக்கை ஏறியது. யூடியூபுக்குக் கூகுள் செயலி செய்து தரவில்லை. மைக்ரோசொப்ட் தானே செய்து போட்டதையும் அதே ஆண்டில் கூகுள் முடக்கிவிட்டது. அந்த விண்டோஸ் போன்களைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு வழுவழுப்பாக ஓடும் என்று. கடையில் சரக்குக்குக் குறைவில்லை, தேடிப் போன சாமான் மட்டும் இல்லை. 2019 கடைசியில் வாட்ஸ்அப்பும் கைவிட்டதோடு அது முடிந்தது.

பிறகு கூகுளும் தானே தன் கடையைக் கூட்டித் துப்புரவு செய்தது. 2024 தொடக்கத்தில் ஏறத்தாழ 34 லட்சம் செயலிகள் இருந்த பிளே ஸ்டோரில், 2025 ஏப்ரல் அளவில் எஞ்சியவை 18 லட்சம் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். திறந்தால் ஒரே ஒரு வால்பேப்பர் மட்டும் வரும் செயலி, நாலு வரி எழுத்து மட்டும் இருக்கும் செயலி, திறந்ததும் நின்றுபோகும் செயலி எல்லாவற்றுக்கும் 2024இல் தடை போட்டது கூகுள். எண்ணிக்கைதான் பெருமை என்றால் ஆண்ட்ராய்ட் ஒரே வருடத்தில் பாதியாகத் தேய்ந்துவிட்டது என்றல்லவா நாம் ஒப்பாரி வைக்க வேண்டும்? ஒருவருக்காவது போனில் ஏதாவது குறைந்ததாகத் தெரிந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை.

அறுவடைக் காலத்தில் மூடையை எண்ணியா நெல்லுக்கு விலை பேசுகிறோம்? கையில் அள்ளி ஊதிப் பார்த்து, பதர் எவ்வளவு என்று தெரிந்த பிறகுதானே.

பதர் என்று சும்மா சொல்லவில்லை. வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போனோடு வந்தார். மகன் துபாயில். மகன் அனுப்பும் வொய்ஸ் மெசேஜ் இறங்குதில்லை, டேட்டா போட்டாலும் இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது என்றார். வாங்கிப் பார்த்தேன். போனைத் திறந்த உடனே திரை முழுக்க ஒரு விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி மூலையில் கடுகு அளவில் இருக்கிறது. அந்த அம்மாவின் விரலுக்கு அது எட்டாது, ஒவ்வொரு முறையும் விளம்பரத்தையே அழுத்திவிடுகிறார், அது இன்னொன்றை இறக்கிவிடுகிறது. டோர்ச் செயலி, பற்றரி சேமிக்கும் செயலி, போனைச் சுத்தம் செய்யும் செயலி, நாள் பலன் என்று பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. டோர்ச் போனிலேயே இருக்கிறது. மேலிருந்து கீழே இழுத்தால் வரும். அதை யாரும் அவருக்குக் காட்டவில்லை. குப்பை நிறைந்து இடம் இல்லாததால்தான் மகனின் குரல் உள்ளே வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுத்தேன். அங்கேயே நின்று எல்லா மெசேஜையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

டோர்ச் செயலியில் என்ன கெடுதல் என்று நினைக்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். கோடிக்கணக்கானோர் இறக்கிய ஒரு டோர்ச் செயலி, போன் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அவருக்குத் தெரியாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்ததை 2013இல் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு பிடித்தது. லட்சக் கணக்கில் இதுவும் ஒரு எண்ணாகத்தான் சேர்ந்திருக்கிறது.

சரி, நம் சனங்களுக்கு எதுதான் வேண்டும்? இது ஆளுக்கு ஆள் மாறும். அதை நீங்கள் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது. துபாயில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், பேச முடியாது; அங்கே தடை. போட்டிம் மாதிரி அந்த நாடு அனுமதித்த செயலியில்தான் பேசலாம். ஆகவே மகன் துபாயில் என்றால் அந்தப் போனின் தரம் போட்டிம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதில் இருக்கிறது. வயல் செய்கிறவருக்கு வங்கிச் செயலியும் மழை பற்றிய அறிவிப்பும். ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு சூம், பீடிஎஃப், நல்ல தமிழ் கீபோர்ட். எல்லாம் சேர்த்தாலும் ஒருவர் தினமும் திறப்பது ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அந்தச் சிலது சரியாக ஓடுகிறதா, தமிழில் இருக்கிறதா, சிக்னல் குறைந்த இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்காமல் திறக்கிறதா? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் இருப்பவருக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

தமிழை எடுங்கள். போனின் மெனு, செட்டிங் எல்லாவற்றையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டில் 2014இல், 5.0 பதிப்பில் வந்தது, சிங்களமும் அப்போதுதான். ஐபோனில் தமிழ் கீபோர்ட் 2013இலேயே வந்துவிட்டது, ஆனால் முழுப் போனும் தமிழில் தெரிய 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து வருட வித்தியாசம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்வதென்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த லட்சக் கணக்கிலும் இது தெரியாது.

பழைய ஐபோன் விற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஐபோன் 6ஐ இன்னும் மினுக்கி வைத்து விற்கிறார்கள். ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் அதில் 12ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. 2025 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப்புக்குக் குறைந்தது ஐஓஎஸ் 15.1 வேண்டும். ஆப் ஸ்டோரில் எத்தனை லட்சம் இருந்தால் என்ன, வாங்கிப் போகிற பிள்ளைக்கு வாட்ஸ்அப் திறக்காது. இதைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் விற்பது சரியில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்டது என்று சீட்டுக் காசை எடுத்து வந்து கொடுக்கிறார்கள். அதே போல, 2019இல் அமெரிக்கா தடை விதித்த பிறகு வந்த புதிய ஹுவாவே மாடல்களில் கூகுள் சேவைகள் கிடையாது. கமரா அருமை, பற்றரி அருமை, அவர்களுடைய ஆப் கேலரியில் செயலிகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கூகுள் சேவையை நம்பி எழுதிய செயலி அதில் நொண்டும், சிலது ஓடவே ஓடாது. வாங்குகிறவரின் வங்கிச் செயலி அதில் ஒன்றா என்று முதலே பார்த்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையப் பேர் செயலி செய்யும் தளத்தில்தான் நம்மைப் போன்ற சின்னச் சனக்கூட்டத்துக்கும் யாராவது ஏதாவது செய்வார்கள். பிளே ஸ்டோரில் செயலி போட ஒரே ஒரு தடவை 25 டொலர் கட்டினால் போதும். அப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இருந்து ஒரு பிள்ளை செயலி எழுதினால் முதலில் எங்கே போடும்? தமிழ்ச் செயலிகளில் பல ஆண்ட்ராய்டுக்கு மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கதவு அகலமாக இருந்தால் குப்பையும் வரும், நல்லதும் வரும். நல்லது எது என்று எடுத்துக் காட்டுகிற ஆள்தான் நம் ஊரில் குறைவு. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம், ஏனென்றால் போன் முதலில் திறக்கப்படுவது உங்கள் மேசையில்.

தரம் என்றால் என்ன என்று நம் சனங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, அனுபவித்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு இணையப் பக்கம், வாகன விபரம், ஒரு கியூஆர் படம். அவ்வளவுதான். எந்த போன் என்ற பேச்சே வரவில்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அச்சடித்து லெமினேட் செய்து கொடுத்தோம், அதைக் காட்டிப் பெற்றோல் அடித்தார். கிழமைக்கணக்கில் வரிசையில் கிடந்த சனத்துக்கு அந்த ஒன்று ஓடியது பெரிய ஆறுதல்.

ஆகவே நான் கேட்பது இதுதான். போனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்குமுன் "என்னென்ன பாவிப்பீங்க, யாரோட கதைப்பீங்க, எந்த வங்கி" என்று கேளுங்கள். அவருடைய சிம்மைப் போட்டு அந்தச் சிலதை அங்கேயே இறக்கித் திறந்து காட்டுங்கள். கடை வைஃபையில் வேண்டாம், அவருடைய டேட்டாவில். மெனுவைத் தமிழில் மாற்றி, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று நாற்பது செயலியை ஏற்றிக் கொடுக்காதீர்கள். விற்கும் அவசரத்தில் இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்; பெருநாள், பொங்கல் காலத்தில் கடையில் நிற்கவே இடமிருக்காது. அந்த நாட்களில் "அடுத்த கிழமை வாங்க, செய்து தாறன்" என்று சொல்லி அனுப்புங்கள், வருவார்கள். எந்த மாடலில் எந்தச் செயலி நொண்டுகிறது என்று என் மேசையில் பார்ப்பதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். கேட்கிற கடைக்காரருக்குப் படியெடுத்துத் தரத் தயார், காசு வேண்டாம். உங்களிடமும் அப்படி ஒரு கணக்கு இருந்தால் எனக்கும் தாருங்கள்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கொமினிகேஷன் கடைக்காரன்